எந்த வாகனமும் கூடாது: ஒரு பழைய காரை முன்வைத்து

என் பெரியம்மா மகன் ஒருத்தர் சிங்கப்பூருக்குக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராகப் போனவர். பிறகு அங்கேயே ஆள் வைத்து ஒப்பந்தவேலை எடுத்துச் செய்தார். பதினெட்டு வருஷம் கழித்துத் திருவாடானைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பினார். திரும்பியவர் நிலம் வாங்கவில்லை, கல்யாண மண்டபம் கட்டவில்லை. பெங்களூரில் ஒருத்தர் ஒன்பது வருஷம் வைத்திருந்த ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டே கதவு, நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர், மணிக்கு 250 கிலோமீட்டர் போகும் என்று சொல்லப்படுகிற கார். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். ஒரு புது ஸ்கார்பியோ விலைக்கு வந்தது. வாரத்தில் ஆறு நாள் தகரக் கொட்டகையில் உறை போட்டுக் கெடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எடுப்பார். தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம், பாம்பன் பாலம், அரிச்சல்முனை. பத்து மணிக்கெல்லாம் வீடு வந்து, கழுவி, மறுபடி உறை போட்டுவிடுவார்.

இதை நண்பர்கள் கூடிய இடத்தில் சொன்னேன். ஒரு தோழர் “நுகர்வு வெறி” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அது பழகிய சொல்லாடல், பாதகமில்லை. இன்னொரு தோழர் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. “அவருக்கு எதுக்குங்க இது?” இந்த வாக்கியத்தில் அழுத்தம் ‘எதுக்கு’ என்பதில் விழவில்லை, ‘அவருக்கு’ என்பதில் விழுந்தது. தமிழ் எம்.ஏ. படித்ததில் இந்தக் காது ஒன்றுதான் மிச்சம்.

முதலில் இந்த வகைக் கார் என்னவென்று பார்த்துவிடலாம். கிராண்ட் டூரர் என்கிறார்கள், இத்தாலியில் கிரான் டூரிஸ்மோ. ஜி.டி. என்று பின்பக்கம் ஒட்டியிருப்பது இதன் சுருக்கம். பந்தயக் கார் வேகத்துக்காக வசதியைத் தியாகம் செய்யும், சொகுசுக் கார் வசதிக்காக வேகத்தை விட்டுக்கொடுக்கும். இது இரண்டையும் விடமாட்டேன் என்கிற ஜாதி. பெரிய இன்ஜின் முன்னால், விசை பின்சக்கரங்களுக்கு, இருவர் சாய்ந்து உட்கார இடம், பின்னால் பேருக்கு ஒரு சீட், இரண்டு பெட்டி வைக்கப் பெட்டியறை. பாரிஸில் காலைச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் ராத்திரி இத்தாலியக் கடற்கரையில் கசங்காத சட்டையோடு இறங்க வேண்டும், இதுதான் அதன் லட்சியம். 1951இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 ஜி.டி., அடுத்த வருஷம் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஆகியவற்றிலிருந்து இந்த வகை தன் உருவத்தைப் பெறுகிறது. பெயர் அதைவிடப் பழையது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலப் பிரபுக்கள் வீட்டுப் பையன்கள் படிப்பு முடித்ததும் பிரான்ஸ், இத்தாலி என்று ஒன்றிரண்டு வருஷம் சுற்றிவிட்டு வருவார்கள். அந்தச் சுற்றுக்குப் பெயர் கிராண்ட் டூர். செலவுக்குப் பணம் குடியானவனின் குத்தகையிலிருந்தும் காலனிகளிலிருந்தும் போனது. ஆகவே இந்தக் காரின் பெயரிலேயே ஒரு வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்காகப் பயணம் போகிறவனுக்குச் செய்ததல்ல இது. பயணமே வேலையாக இருந்தவனுக்குச் செய்தது.

அப்படிப்பட்டது எப்படி ஒரு வெல்டர் கைக்கு வந்தது? இங்கேதான் பழைய பொருளின் பொருளாதாரம் சுவாரஸ்யமாகிறது. 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை முழுதாக இறக்குமதி செய்தால் 100 விழுக்காடு அடிப்படைச் சுங்கம் என்ற நிலை இந்தியாவில் பல வருஷம் இருந்தது. அதன்மேல் ஜி.எஸ்.டி., அதன்மேல் மாநிலத்தின் சாலைவரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள்வரி 20 விழுக்காடு. ஆக முதல் சொந்தக்காரர் கொடுத்த விலையில் பாதிக்குமேல் வரி. அந்த வரி காரோடு சேர்ந்து தேய்ந்துபோகிறது, இரண்டாவது ஆள் அதற்குப் பணம் கொடுப்பதில்லை. அதோடு, புதுசு என்கிற மதிப்பும் போய்விடுகிறது. பணக்காரனுக்கு இந்தக் கார் ஒரு குறிப்பான். புது மாடல் வந்த அன்றைக்கே பழையது குறிக்கும் வேலையை நிறுத்திக்கொள்கிறது. இரும்பு அதே இரும்புதான், அலுமினியம் அதே அலுமினியம்தான், விழுந்தது குறியின் விலை. நம் அண்ணன் வாங்கியது குறி உதிர்ந்த மிச்சத்தை. விலைதான் இறங்குமே தவிர பராமரிப்புச் செலவு இறங்காது. வாங்கும்போது அது ஸ்கார்பியோ விலை, பிரேக் தட்டு மாற்றும்போது பழையபடி பிரபு வீட்டுக் காராகிவிடும்.

ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம் என்பதை அவரிடம் கற்றேன். ‘வீக்எண்ட் கார்தானே, தேயாது’ என்று வெளியிலிருந்து நினைக்கிறோம். ஓடுகிற வண்டி ஓட்டத்தில் கெடும், நிற்கிற வண்டி நிற்பதிலேயே கெடும். பூட்டிவைத்த பிறகும் உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும், இரண்டு வாரம் எடுக்காவிட்டால் பாட்டரி இறங்கிவிடும். அதனால் வாரம் முழுக்க ஒரு சிறிய சார்ஜரைச் செருகி வைத்திருக்கிறார். டயர் ஓடாமலே கிழடாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்து 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். ஜாதகம் மாதிரி. பூ அழியாத டயரானாலும் ஆறேழு வருஷத்தில் ரப்பர் இறுகி, மழையில் பிடிப்பு விட்டுவிடும். பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால். அது ஈரத்தை ஈர்க்கிற சரக்கு, அதை எதிர்பார்க்காத காலத்துக் குழாய்க்கும் ரப்பருக்கும் ஒத்துக்கொள்ளாது. தொட்டியில் நாள்கணக்கில் தேங்கக்கூடாது. கொஞ்சதூரம் ஓட்டி நிறுத்துவதும் தப்பு. இன்ஜின் முழுச்சூட்டுக்கு வந்தால்தான் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகும். எனவே எடுத்தால் தூரம் போயாக வேண்டும். அரிச்சல்முனை வரை போவது ஆசை மட்டுமல்ல, வைத்தியமும்.

ஆனால் வைத்தியத்துக்குப் போகிற இடத்தில்தான் நோயும் இருக்கிறது. பாம்பன் தாண்டினால் காற்றே உப்பு. உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மின்பகுளியாக வேலை செய்யும், அலுமினியமும் எஃகும் சேர்கிற மூட்டில் அரிப்பு இரட்டிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரித்து அரித்துக் கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். பாலத்துக்கே இந்தக் கதி. அண்ணன் வீடு வந்ததும் நல்ல தண்ணியில் அடிப்பக்கத்தைத்தான் முதலில் கழுவுவார். கப்பல்பட்டறை ஆளுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் கார் எந்தப் பிரபுவின் கையிலும் இவ்வளவு அறிவோடு தொடப்பட்டிருக்காது. இது என் துணிபு.

‘வாரக்கடைசி’ என்ற காலமும் இந்தக் கரைக்கு அந்நியம். இராமேஸ்வரத்தில் கடலுக்கே முறை உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாமே கரையேறி நிற்கும். படகு நிற்பது மீன் பெருகுவதற்காக. கார் நிற்பது எதற்காக என்று கேட்டால் அண்ணனிடம் பதில் கிடையாது. அந்தச் சிறு வெட்கத்தை நான் அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒருத்தன் வேகமான வண்டியில் நெய்தலுக்கு வருவது தமிழுக்குப் புதுசுமில்லை. அகப்பாடல்களில் தலைவனின் தேர் மணலில் அழுந்தி, நண்டை நசுக்கி வந்துகொண்டேதான் இருக்கிறது. நற்றிணை 45இல் தோழி, கடலில் மீன் பிடிக்கிறவன் மகள் இவள், நீயோ பெரிய ஊரில் வேகத்தேர் உடைய செல்வன் பெற்ற பிள்ளை, உணக்குகிற மீன் நாற்றம் எங்கள்மேல் அடிக்கிறது, தள்ளி நில் என்கிறாள். நம் பேராசிரியர்கள் இதைச் ‘சேட்படை’ என்று துறை சொல்லி மூடிவிடுவார்கள். வாகனம் வைத்திருப்பவனையும் நடப்பவளையும் பிரிக்கிற கோடு அந்தப் பிரதிக்குள் பச்சையாகக் கிடக்கிறது. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தபிறகு, 1964 புயலுக்குத் தப்பியவர்களின் பிள்ளைகள் மீன் காயப்போடுகிற இடத்தை ஒட்டி ஞாயிறுதோறும் தேர்கள் வரிசை கட்டுகின்றன. அதில் ஒன்று எங்கள் அண்ணனுடையது. இங்கே அவர் தலைவனா, தோழி பக்கத்து ஆளா?

அதற்குப் பதில் சொல்ல 1931க்குப் போக வேண்டும். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியார் கூடி, தாழ்த்தப்பட்டோருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். சட்டை போடக்கூடாது, நகை கூடாது, குடை செருப்பு கூடாது என்கிற வகை. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அது போதாதென்று 1931 ஜூனில் பதினொரு தடைகள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலில் கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக்கூடாது என்று இருக்கிறது. பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது என்றும் இருக்கிறது.

வீட்டுக் கதவைக் கழற்றி அதில் மாப்பிள்ளையைத் தூக்கிப்போவது! என் தாத்தா கல்யாணம் அந்தக் காலம்தான். எப்படிப் போனார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது தோழரின் ‘நுகர்வு வெறி’யை எடுத்துக்கொள்வோம். வெப்லென் 1899லேயே பகட்டு நுகர்வைப் பற்றி எழுதிவிட்டார். ரொலான் பார்த் 1957இல் சிட்ரோயென் டி.எஸ். காரை இடைக்காலத் தேவாலயத்துக்கு நிகராக வைத்து, ஒரு சமூகமே உருவத்தில் நுகர்கிற மாயப்பொருளாக அதை வாசித்தார். இவர்களை ஒதுக்க எனக்குத் துணிச்சல் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் இவர்கள் காரைப் பற்றி எழுதிய சமூகத்தில், காசு இருந்தும் கார் வாங்கக்கூடாத பிறவி என்று ஒன்று கிடையாது. வேட்கையை விமர்சிக்கிற கோட்பாடு, வேட்கைப்பட எல்லோருக்கும் முதலில் அனுமதி இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. இங்கே அனுமதியே மறுக்கப்பட்டது, இன்றும் மறுக்கப்படுகிறது. மானாமதுரைக்குப் பக்கத்து ஊரில் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக என்பது புகார். கண்டதேவித் தேரில் வடம் பிடிக்கும் உரிமைக்காக 1990களில் எழுந்த வழக்கு எத்தனை வருஷம் நடந்தது! பல வருஷம் ஓடாமலே நின்று, 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு தேர் மறுபடி ஓடியது. ஏறுவது மட்டுமல்ல, இழுப்பதும் பிறப்புரிமைக் கணக்குதான்.

இன்னொரு காட்சி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் இறங்கியபோது பாஸ்கர சேதுபதி குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சனங்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். இன்றுவரை அது அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. எளிமை என்பது ஏறியவன் இறங்கும்போது கிடைக்கிற பட்டம். ஏறவே விடாதவனைப் பார்த்து எளிமையாக இரு என்று சொல்வதை எந்தச் சித்தாந்தத்தில் சேர்ப்பது?

இதனால் அண்ணனுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவரோடு சண்டை உண்டு. மூன்று தெருப் பிள்ளைகளின் காலேஜ் பீஸ் அந்தக் கொட்டகையில் உறை போட்டுக் கெடக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். “உனக்கு ரெண்டு அலமாரி புஸ்தகம் எதுக்குடா தம்பி?” என்று திருப்பினார், வாயடைத்துக்கொண்டேன். அண்ணி கேட்டதுதான் சரியான அடி. இரண்டு பெண்பிள்ளைகளோடு அவர்களால் அதில் ஒழுங்காக உட்காரவே முடியாது, பின்சீட்டில் காலை மடக்கினாலும் இடமில்லை. “இது ரெண்டு ஆம்பளைங்க ஊரைச் சுத்தச் செஞ்ச வண்டி. விடுதலைன்னு நீ எழுதுறியே, அதுல எனக்கு எந்த சீட்டு?” என்றார்கள். இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை, பின்சீட்டில்கூட.

போன மாசம் ஒரு ஞாயிறு நானும் போனேன். தேவிபட்டினம் தாண்டி நேரான சாலையில் அவர் காலை அழுத்தியபோது முதுகு சீட்டுக்குள் புதைந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோட்பாட்டு நண்பர்கள் மன்னிக்க வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது ஊர் முகப்பு வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி இறங்குகிற வளைவு. எங்கள் ஊரில் இருப்பது விதி தெரியாத, கழுதை முதுகு மாதிரியான சிமெண்ட் மேடு. அந்தக் காருக்கோ தரையிலிருந்து வயிறு ஒரு சாண்கூட இல்லை. பாரம் குறைந்தால்தான் உரசாமல் கடக்கும். அதனால் கூட வருகிறவர் அங்கே இறங்கியாக வேண்டும். நான் இறங்கினேன். பெரிய தெரு ஆரம்பிக்கிற இடம் அது. எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட இடம் என்று அப்பா காட்டியிருக்கிறார். டீக்கடையில் நாலுபேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடியை இறக்கி, குறுக்காக, ஒரு சக்கரம் ஏறியபிறகு அடுத்தது என்று அங்குலம் அங்குலமாகக் கடத்தினார். அவர் இறங்கவில்லை.

“ஏறுடா,” என்றார். ஏறினேன். கொட்டகைக்குப் போனதும் தண்ணிக்குழாயை என்னிடம் கொடுத்து, அடியில் உப்புப் போக அடிக்கச் சொன்னார்.