பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?



கணினியோ கைப்பேசியோ நுழையாத இல்லம் இன்று அரிதாகிவிட்டது. பிள்ளைகளின் பாடங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவரின் அறிக்கை, அயல்நாட்டிலுள்ள மகனுக்குத் தாய் எழுதும் மடல் ஆகிய அனைத்தும் அவற்றினுள் அடங்கியுள்ளன. நாம் அறியாவண்ணம் இவற்றை ஒற்றறிந்து பிறருக்கு அனுப்பும் நிரல்களை ஸ்பைவேர், அதாவது வேவு மென்பொருள் என்பர். அதைக் கண்டுபிடித்து அகற்றித் தருவதாகக் கூறி விற்கப்படுபவை வேவுத் தடுப்பு மென்பொருள்கள்.

இந்தக் காவலாளிக்கு நாம் அளிக்கும் உரிமை சிறிதன்று. கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கவும், வேண்டாததை அழிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு இது நிகராகும். ஆகவே, சாவியைக் கொடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது திறமையுள்ளதா? இது நாணயமுள்ளதா? பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுகின்றனர்.

அச்சத்தை விற்கும் வணிகம்

திறமையும் நாணயமும் ஒருங்கே இல்லாத போலிகளை முதலில் காண்போம். இணையத்தில் ஏதேனும் படித்துக்கொண்டிருக்கையில் திடீரென ஓர் அறிவிப்புத் தோன்றும். “உங்கள் கணினியை ஆபத்து சூழ்ந்துள்ளது” என்று அது எச்சரிக்கும். இலவசமாகச் சோதிப்பதாகக் கூறி, கேடுகளின் நீண்ட பட்டியலைக் காட்டும். அவற்றை நீக்கப் பணம் கேட்கும். உண்மையில் அங்கே சோதனை எதுவும் நடந்திராது.

வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் ஆகிய பெயர்களில் நடந்த இத்தகைய வணிகத்தின்மீது அமெரிக்காவின் கூட்டரசு வாணிக ஆணையம் 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாற்றப்பட்டதாக அவ்வாணையம் கூறியது. 2012-இல் நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

பெயர் பெற்ற கடையில் வாங்கினால் அச்சமில்லை என்று எண்ணுவோரும் உளர். அமெரிக்காவின் பெரிய விற்பனைக் கூடமான ஆபிஸ் டிப்போவில் கணினிகளைச் சோதிக்க ஒரு நிரல் பயன்பட்டது. தொடக்கத்தில் அது நான்கு கேள்விகள் கேட்கும். கணினி மெதுவாக ஓடுகிறதா என்பது போன்ற அக்கேள்விகளுள் ஒன்றுக்கு “ஆம்” என்று குறித்துவிட்டாலே போதும். சோதனையில் எது கிடைப்பினும், தீங்கு விளைக்கும் நிரலின் அறிகுறி உள்ளதென்றே முடிவு வரும் என அதே ஆணையம் குற்றம் சாட்டியது. 2019-இல் அந்நிறுவனமும் அந்நிரலை வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த இசைந்தன.

நோயாளியின் நாடியைத் தொடாமலேயே மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரை நாம் நம்புவோமா?

திறமையை அளப்பது எவ்வாறு?

ஒரு மென்பொருள் தன்னைப் பற்றித் தானே கூறும் புகழுரை சான்றாகாது. இதற்கெனத் தனித்த ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. அவை தீய நிரல்களைக் கணினியில் விட்டு, எத்தனை பிடிபடுகின்றன என்று கணக்கிடுகின்றன. அதே வேளையில், குற்றமற்ற நிரல்களைத் தவறாகப் பிடிக்கிறதா என்றும், கணினியின் வேகத்தைக் குறைக்கிறதா என்றும் பார்க்கின்றன.

குற்றமற்றதைப் பிடிப்பது சிறு பிழையன்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பு ஒன்றையே கிருமியெனக் கொண்டது. உலகெங்கும் ஏராளமான கணினிகள் மீண்டும் மீண்டும் நின்று தொடங்கிப் பயனற்றுப் போயின. எனவே, ஆயிரம் கேடுகளைக் கண்டேன் என்று பறைசாற்றும் மென்பொருள்தான் சிறந்தது என எண்ணிவிடலாகாது.

தேர்விலும் வஞ்சனை புகக்கூடும். சீனாவின் கிஹூ 360 நிறுவனம் ஆய்வுக்கு அனுப்பிய மென்பொருளின் அமைப்பு வேறாகவும், மக்களுக்கு வழங்கியது வேறாகவும் இருந்ததைக் கண்ட ஆய்வுக்கூடங்கள், அவ்வாண்டு அதற்கு அளித்த சான்றிதழ்களை 2015-இல் திரும்பப் பெற்றன. ஆகையால் ஒரே ஆய்வையும் ஒரே ஆண்டையும் நம்பாது, பல கூடங்களின் முடிவுகளைச் சில ஆண்டுகளுக்கேனும் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம்.

நாணயத்தை அறிவது எவ்வாறு?

ஆய்வுக்கூடங்களால் அளக்கவியலாத ஒன்று உண்டு, அதுவே நாணயம். செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் மென்பொருள் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றது. கோடிக்கணக்கானோர் அதை இலவசமாகப் பயன்படுத்தினர். பிறர் நம்மைப் பின்தொடராமல் காப்பதாக அது வாக்களித்திருந்தது. ஆயினும் பயனாளர் பார்த்த இணையப் பக்கங்களின் விவரங்களைச் சேர்த்து, ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனத்தின் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அது விற்றதென அமெரிக்க ஆணையம் குற்றம் சாட்டியது. ஒருவரது சமய நம்பிக்கை, உடல்நலக் கவலை, அரசியல் சார்பு ஆகியவற்றையும் அவ்விவரங்களிலிருந்து அறிய முடிந்தது. ஜம்ப்ஷாட் 2020-இல் மூடப்பட்டது. அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென 2024-இல் முடிவாயிற்று.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் முன்னோர் கூறியது இத்தகைய நிலையையே. திருடனைப் பிடிக்கத் தெரிந்த காவலாளியே வீட்டு இரகசியங்களைச் சந்தையில் விற்றால், அவனது திறமையால் நமக்கு என்ன பயன்?

எனவே இலவசம் என்றவுடன் மகிழாமல், இதற்கு யார் பணம் தருகிறார் என்று கேட்க வேண்டும். எவ்விவரங்களைச் சேர்க்கிறது, யாருக்குக் கொடுக்கிறது, சேர்ப்பதை நாம் தடுக்க முடியுமா என்பவற்றை அந்நிறுவனத்தின் உறுதிமொழியில் தேடிப் படிக்க வேண்டும். முன்பு தண்டனைக்கோ புகாருக்கோ உள்ளானதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இல்லத்தார் கைக்கொள்ள வேண்டியவை

விண்டோஸ் கணினிகளுடன் டிஃபெண்டர் என்னும் காப்பு இன்று சேர்ந்தே வருகிறது. அதனையும் கணினியையும் காலந்தவறாமல் புதுப்பித்து வந்தால், பெரும்பாலான இல்லங்களுக்கு அதுவே போதுமானது. வேறு மென்பொருள் வேண்டுமாயின், அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே பெறுக. அத்தளம்தானா என்றும் உறுதி செய்க. ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் பெயரைத் திருடி, பெகாசஸ் என்னும் ஒற்றனை அகற்றுவதாகக் கூறிய போலித் தளமொன்று தீய நிரலைப் பரப்பியது 2021-இல் வெளிப்பட்டது.

தானாகத் திரையில் தோன்றி அச்சுறுத்தும் எதற்கும் பணம் செலுத்தாதீர். அதில் காணும் தொலைபேசி எண்ணை அழைக்காதீர். இதனை வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் பொறுமையுடன் எடுத்துரையுங்கள். இந்தியாவில் பணத்தை இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். ஏமாந்தவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் மறைத்துவிடுவார்; ஆகையால் பரிவோடு கேளுங்கள்.

வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். நம் ஆண்டவரும் ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைக் குறித்து எச்சரித்து, மரத்தை அதன் கனிகொண்டு அறியும் வழியைக் காட்டினார். இவர்கள் எவரும் ஒருவரையும் நம்பாதே எனப் போதிக்கவில்லை. ஆராய்ந்து நம்பு என்றே போதித்தனர். அச்சத்தால் அவசரப்படுத்துபவனுக்கு மறுமொழி கூறாது சற்றே நின்று, அவன் தந்த கனி யாது என்று வினவுவோமாக. நம் இல்லத்தின் சாவி தகுதியுள்ளோர் கையில் மட்டுமே இருக்கட்டும்.