இரணைமடு நீரும் உடன்படிக்கையின் அரசியலும்

நகர அபிவிருத்தித் திட்டமொன்று முன்வைக்கப்படும்போது, அதன் நன்மை யாரைச் சேரும், இழப்பை யார் சுமப்பர் என்னும் வினா எழுகின்றது. வாக்குறுதிகள் தாராளமாக வழங்கப்படும். ஆனால் வாக்குறுதி வேறு, உடன்படிக்கை வேறு. இவ்வேறுபாட்டை விளக்க இரு விளையாட்டரங்குகளை முதலில் நோக்கலாம்.

2001இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அரங்கொன்றைச் சூழ விடுதியும் களியாட்ட மண்டபங்களும் எழுப்ப முனைந்த நிறுவனத்துடன் முப்பதுக்கு மேற்பட்ட சமூக அமைப்புகள் பேரம்பேசி, எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டன. நிரந்தர வேலைகளுள் 70 வீதம் வாழ்வுக்குப் போதிய ஊதியம் தருதல் வேண்டும் என்பது இலக்கு; வீடுகளுள் 20 வீதம் வருமானம் குறைந்தோருக்கு ஒதுக்கப்பட்டது. நகரசபை அனுமதி வழங்குமுன் பேசியமையே அவர்களின் பலமாயிற்று. 2006இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் யாங்கீ அரங்குக்காகப் பூங்கா நிலம் எடுக்கப்பட்டபோதும் உடன்படிக்கை எழுந்தது. எனினும் மக்கள் தரப்பில் ஒப்பமிட்டோர் அரசியல்வாதிகளேயன்றிக் குடியிருப்பாளர் அமைப்புகள் அல்ல.

வன்னியில் இதே வினா ஒரு குளத்தையொட்டி எழுந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் வழங்க இசைந்த நீர்வழங்கல் திட்டம், இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லக் கருதியது. குடாநாட்டின் தாகம் பொய்யன்று. ஆறற்ற அந்நிலம் நம்பியிருக்கும் நிலத்தடி நீர் உவராகியும் பசளையால் மாசுற்றும் வருகின்றது. அணைக்கட்டை உயர்த்தி, மேலதிகமாகத் தேங்கும் நீரையே எடுப்பதாகக் கூறப்பட்டது. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் எவர் பங்கு முதலில் குறையும்? சிறுபோகத்தில் வயல் முழுவதற்கும் நீர் போதாத கிளிநொச்சி விவசாயிகள் இதனாலேயே எதிர்த்தனர். ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது.

இதனை யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்குமிடையிலான பிரதேசப் பூசலாகக் காட்டுவோர் உண்டு. அது மேலோட்டமான பார்வை என நாம் கருதுகிறோம். பிணக்கின் வேர், திட்டம் வரையப்பட்ட பின்னரே மக்கள் பேச அழைக்கப்படும் முறைமையில் உள்ளது. கட்டுப்படுத்தும் உடன்பாடு நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. நீர் திறக்கும் நாளையும் பயிரிடும் ஏக்கரையும் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவுகள் சட்டவலு உடையன. குடிநீர்ப் பங்கையும் வரட்சிக்கால முன்னுரிமையையும் இழப்பீட்டையும் அத்தகைய அவையில் வைத்திருக்கலாம்.

எனினும் அக்கூட்டத்திலும் குரல் காணியுடையோர்க்கும் பயிரிடுவோர்க்குமே உண்டு. சிறுபோகம் சுருங்கினால் கூலியை இழக்கும் காணியற்ற தொழிலாளிக்கு அங்கு இடமில்லை. அவர்களும் ஒப்பமிடும் தரப்பாகாதவரை, சமூக நன்மை என்பது உடைமையாளர் நன்மையாகவே எஞ்சும்.