சிடி போடும் இடமே இல்லை... மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது எப்படி?

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறதா? திறந்தால் ஆமை வேகத்தில் நகர்கிறதா?

உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. பல நேரங்களில் பழசாகிப்போனது கணினி அல்ல, அதற்குள் இருக்கும் இயங்குதளம்தான். அதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் அது உழைக்கும்.

ஆனால் இப்போதைய மடிக்கணினிகளில் சிடி, டிவிடி போடும் இடமே கிடையாது. அப்போ எப்படி நிறுவுவது?

<b>ஏன் இப்போது இந்தப் பேச்சு?</b>

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட தனிநபர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு.

ஆதரவு நின்றாலும் கணினி வழக்கம்போல் இயங்கும். சிக்கல் வேறு இடத்தில். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள், கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள்.

விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். 2017ஆம் ஆண்டுக்கு முன்னர் வந்த பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் வகை இயங்குதளங்கள் நல்ல மாற்று. இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

<b>டிவிடி எங்கே போனது?</b>

2008இல் ஆப்பிள் அறிமுகம் செய்த முதல் மேக்புக் ஏரில் டிஸ்க் போடும் வசதி இல்லை. அப்போது பலர் முகம் சுளித்தார்கள். பிறகு மெலிதான மடிக்கணினி என்றாலே அப்படித்தான் என்றாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் அடங்கும். விண்டோஸ் 11இன் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கும் மேல்!

இப்போது அந்த வேலையைச் செய்வது உங்கள் பையில் கிடக்கும் தம்ப் டிரைவ்.

<b>கணினி எப்படி விழித்தெழுகிறது?</b>

பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அல்ல. கணினியின் தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறிய மென்பொருள். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ.

அதனிடம் ஒரு வரிசை இருக்கும். "முதலில் உள் வட்டில் தேடு, இல்லாவிட்டால் யூஎஸ்பியில் தேடு" என்பதுபோல. இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் கோப்பு எங்கே முதலில் கிடைக்கிறதோ, அங்கிருந்து கணினி தொடங்கும்.

ஆக, நம் வேலை இரண்டுதான். தொடங்கக்கூடிய தம்ப் டிரைவ் ஒன்றைத் தயாரிப்பது, அதிலிருந்து தொடங்கும்படி கணினிக்குச் சொல்வது.

<b>தொடங்கும் முன்</b>

- கோப்புகளைப் பிரதி எடுங்க. படம், பாடக்குறிப்பு, பழைய கட்டுரை எல்லாவற்றையும் வேறு வட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்க. நிறுவும்போது உள் வட்டில் இருப்பது அனைத்தும் அழிந்துவிடும்.

- பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்க. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகு கணினி அதைக் கேட்கலாம். குறியீடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளை எடுக்க முடியாது.

- குறைந்தது 8 ஜிபி கொண்ட தம்ப் டிரைவ் தேவை. அதில் இருப்பதும் அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்க.

- மின்னூட்டக் கம்பியைச் செருகிவிடுங்க. பாதியில் கணினி அணைந்தால் திரும்ப முதலிலிருந்து.

- பள்ளி வழங்கிய சாதனமா? பள்ளியின் கண்காணிப்பு மென்பொருள் உள்ளதா? கை வைக்காதீங்க. முதலில் ஆசிரியரிடம் கேளுங்க.

<b>படி 1: தம்ப் டிரைவைத் தயாரியுங்கள்</b>

இதற்கு நன்றாக இயங்கும் ஒரு கணினி வேண்டும். நண்பருடையதாக இருந்தாலும் சரி.

விண்டோஸ் 11 என்றால் மைக்ரோசாஃப்ட் இணையத்தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' கிடைக்கும். அதுவே கோப்பைப் பதிவிறக்கித் தம்ப் டிரைவில் ஏற்றிவிடும்.

லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை என்றால், அவற்றின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்க. பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற இலவச மென்பொருளால் அதை ஏற்றுங்க.

"கோப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதாதா?"

போதாது. ஐஎஸ்ஓ என்பது கட்டி வைத்த பொட்டலம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் சாப்பிட முடியுமா? கணினிக்கும் அப்படித்தான். தொடங்கி வைக்கும் கோப்பு, அது தேடும் இடத்தில் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ரூஃபஸ் போன்றவை செய்வது அதைத்தான்.

அறிமுகமில்லாத தளங்களில் "இலவச விண்டோஸ்" என்று வரும் கோப்புகள் பக்கம் போகாதீங்க. தீங்கு செய்யும் மென்பொருள் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். இயங்குதளத்தோடு சேர்ந்து வருவதைக் கண்டுபிடிப்பது மிகச் சிரமம்.

<b>படி 2: யூஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள்</b>

கணினியை அணைத்து, தம்ப் டிரைவைச் செருகி, மீண்டும் முடுக்குங்க. உடனே அதற்குரிய விசையை விட்டுவிட்டுத் தட்டுங்க.

- டெல், லெனோவோ: பொதுவாக எஃப் 12
- எச்பி: எஸ்கேப், பிறகு எஃப் 9
- ஏசூஸ்: எஸ்கேப்
- ஏசர்: எஃப் 12 (முதலில் எஃப் 2 வழியாக பயாஸில் அதை இயக்க வேண்டியிருக்கலாம்)

மாடலுக்கு மாடல் இது மாறலாம். வரும் பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்க.

விசையைத் தட்டுவதற்குள் விண்டோஸ் வந்துவிடுகிறதா? ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்க. நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்வு செய்தால் போதும்.

<b>படி 3: நிறுவுங்கள்</b>

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. நிறுவாமலேயே தம்ப் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, சுட்டுபலகை வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டு முடிவெடுங்க. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைமுறையும் அதில் கிடைக்கிறது.

விண்டோஸ் உரிமக் குறியீடு கேட்டால் பதற வேண்டாம். கணினியில் ஏற்கனவே உரிமத்துடன் விண்டோஸ் இருந்தால், 'குறியீடு இல்லை' என்பதைத் தேர்வு செய்து அதே பதிப்பை நிறுவுங்க. பெரும்பாலும் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்படுத்தப்படும்.

"எந்த வட்டில் நிறுவுவது?" என்று கேட்கும் திரைதான் மிக முக்கியம். வெளி வட்டு எதுவும் செருகியிருந்தால் அதற்கு முன்பே கழற்றிவிடுங்க. தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தால் பிரதி எடுத்து வைத்த கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

நிறுவும் நடுவே கணினி தானாக மறுபடி தொடங்கும். மீண்டும் முதல் திரையே வந்தால் பயப்படாதீங்க. கணினி இன்னும் தம்ப் டிரைவையே முதலில் தேடுகிறது. அதைக் கழற்றிவிட்டு முடுக்குங்க, அவ்வளவுதான்.

<b>வைஃபை வரவில்லையே?</b>

அடிக்கடி நடப்பதுதான். கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து 'டெதரிங்' வழியாக இணையம் கொடுங்க. இணைந்ததும் தேவையான இயக்கி மென்பொருளைக் கணினி தேடிக்கொள்ளும்.

<b>தம்ப் டிரைவ் இல்லாமல் முடியாதா?</b>

முடியும். யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி கருவி ஒரு வழி. கட்டமைப்பு வழியாகத் தொடங்கும் பிஎக்ஸ்இ முறை இன்னொன்று. பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் நிறுவ வேண்டிய அலுவலகங்களுக்கு அது வசதி. வீட்டில் ஒரு கணினிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

<b>இவ்வளவு சிரமப்பட வேண்டுமா?</b>

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. நன்றாக இயங்கக்கூடிய ஒரு கணினி அதில் போய்ச் சேராமல் இருப்பது நல்லதுதானே. ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் தம்பி தங்கைக்கு வீட்டுப்பாடம் செய்ய, தாத்தா பாட்டிக்குப் படம் பார்க்க ஒரு கணினி கிடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் தம்ப் டிரைவை அழித்துவிடாமல் பெயர் எழுதி ஒட்டி வையுங்க. ஒருநாள் கணினி தொடங்க மறுத்தால் முதலில் தேடப்போவது அதைத்தான்.