அன்னபூரணிக்கு வர்ணம் பூச ஓர் எயார்பிரஷ்

வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 89 அடி நீளமான அந்தப் பாய்க்கப்பலை 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் வரும். ஒக்லாந்தில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் வைப்பதற்காக அதை மரத்தில் செய்கிறோம். பலகைக் கோடுகளைச் செதுக்கவே ஒரு குளிர்காலம் போயிற்று. தூரிகையால் தடிப்பாகப் பூசினால் அந்தக் கோடுகள் மூடுண்டுவிடும். எனவேதான் எயார்பிரஷ் வாங்கினோம்.

அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வர்ணம் என்று இரட்டை இயக்கம் உள்ளதையே வாங்குங்கள். வர்ணக் கிண்ணம் மேலே இருக்கட்டும். சில துளிகளே போதும், கழுவுவதும் சுலபம். ஊசி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். 0.2 ஊசியில் அக்ரிலிக் வர்ணம் அடிக்கடி காய்ந்து அடைக்கும். ஜப்பானின் இவாட்டாவோ அமெரிக்காவின் பட்ஜரோ, உதிரி ஊசியும் நொசிலும் இங்கே கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கணக்கு எழுதுபவர்கள் பாஷையில் அவை இரண்டும் செலவு, கருவிதான் மூலதனம்.

கொம்பிரசருக்கு ஈரப்பொறி அவசியம். ஒக்லாந்தின் ஈரக்காற்றில் அது இல்லாமல் அடித்து, முதல் பூச்சிலேயே தண்ணீர்ப் புள்ளிகள் கண்டோம். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கலாம். தண்ணீர் வர்ணமானாலும் முகமூடி வேண்டும்.

கழுவுவதில்தான் கவனம். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு, காயுமுன், கிண்ணத்தில் கழுவுநீர் விட்டு, நொசில் முனையைக் கடதாசியால் மெல்ல மூடி அடியுங்கள். காற்று பின்னோக்கிக் குமிழியிட்டு அடைப்பைக் கிளப்பும். வேலை முடிந்ததும் ஊசியை எடுத்து, அடியிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். முழுக் கருவியையும் தின்னரில் ஊறப்போட்டால் ரப்பர் வளையங்கள் வீங்கும். அமோனியா கலந்த திரவத்தில் நெடுநேரம் விட்டால் பித்தளை அரிக்கும்.

ஊசியைத் திரும்பப் போடும்போது முட்டியதும் நிறுத்துங்கள். ஒரு ஞாயிறு எங்கள் பையன் ஒருவன் பலமாகத் தள்ளிவிட்டான். மயிரிழைபோல நொசில் வெடித்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அடித்தபோது அணியத்தில் வர்ணம் குழம்பாய்த் தெறித்தது. ஏசி என்ன பயன்? அவனையே அரத்தாளுடன் உட்காரவைத்தோம். செதுக்கிய கோடுகளில் நாலைந்து அதோடு போயின. இப்போது ஊசி போடுவது அவன் பொறுப்பு. எங்களைவிட நிதானமாகப் போடுகிறான்.

பெயரை மட்டும் தூரிகையால் எழுதுவோம். கப்பலை வாங்கிய அமெரிக்கர் ரொபின்சன் அதற்கு ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். இரண்டும் எழுதவேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். அன்னபூரணி மட்டும் போதும் என்கிறார்கள் வல்வெட்டித்துறை ஆட்கள். சனிக்கிழமை முடிவாகும்.