செம்பருத்தியும் சங்கத்தின் பணமும்

செம்பருத்தி என்னும் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. தாவர நூலாரும் இவ்விரண்டையும் மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கின்றனர். வெண்டை, புளிச்சை, துத்தி, பூவரசு ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பருத்தி விளைவிக்கும் அங்கத்தினரும், அதன் நூலை நெய்யும் அங்கத்தினரும் செம்பருத்திக்கு ஒரு வகையில் சுற்றத்தாராகின்றனர்.

இச்செடியைத் தொழிலாக்கலாமா என்னும் கேள்வி இப்போது சங்கங்களில் எழுந்து வருகிறது. வேலியோரம் செம்பருத்தி நட்டுப் பூவை உலர்த்தித் தூளாக்கி விற்கலாம் என்பர் சிலர். அப்பூவைக் கொண்டே நூலுக்குச் சாயமேற்றலாம் என்பர் நெசவாளருள் சிலர். இவற்றுக்குச் சங்கத்தின் பணத்தை ஒதுக்குமுன், ஆராய்ச்சியாளர் கண்டவை யாவை என்று பார்த்துக் கொள்வது நலம்.

முதலில் சாயத்தை எடுத்துக் கொள்வோம். திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு நொய்யலாற்றைக் கெடுத்த வரலாற்றை நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதி மன்றம் அவ்வாலைகளை மூட உத்தரவிட்ட பின், செடி கொடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களைப் பற்றிய பேச்சு மிகுந்தது இயல்பே. ஆனால் செம்பருத்திச் சிவப்பு நூலில் நிலைக்குமா? அச்சிவப்பு ஆந்தோசயனின் என்னும் பொருளால் ஆனது. இதன் குணத்தை எவரும் வீட்டிலேயே அறியலாம். பூவிதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த நீரை இரு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் சிறிது சோப்பு நீரையும் விட்டுப் பாருங்கள். முன்னது பளிச்சென்று சிவக்கும். பின்னது நீலமாகவோ பச்சையாகவோ மாறும். துவைக்கும் சோப்பு காரத்தன்மை உடையதாதலால், புடவையிலும் இதே மாற்றம் நிகழும். வெயிலிலும் இந்நிறம் விரைவில் வெளிறுகிறது. படிக்காரமும் கடுக்காயும் சேர்த்தால் ஓரளவு பற்றும் என்பது உண்மை. எனினும் அப்போது பருத்தி நூலில் கிடைப்பது பெரும்பாலும் ஊதாவும் சாம்பலும் கலந்ததொரு நிறமே. பட்டும் கம்பளியும் இதைவிட நன்றாக ஏற்கின்றன. சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் போல உழைக்கும் சாயம் இதுவன்று. நெகமத்துப் புடவையையோ சென்னிமலைப் போர்வையையோ நம்பி வாங்குபவர், முதற் சலவையில் நிறம் மாறக் கண்டால் அடுத்த முறை சங்கத்தின் கடைக்கு வருவாரா? செம்பருத்திச் சாயத்துக்கென்று கடன் கேட்டு வரும் மனுவை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

தலைமுடிக்குச் செம்பருத்தி நல்லது என்பதில் நம் பெண்களுக்கு ஐயமே கிடையாது. அரப்போடு இதன் இலையையும் அரைத்துத் தேய்த்துக் கொள்வது கொங்கு நாட்டில் பழகிய செய்தியே. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனைச் சோதித்து 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இலைச் சத்தையும் பூச் சத்தையும் தனித்தனியே எடுத்து, வெள்ளெலிகளின் தோலிலும், உடலுக்கு வெளியே வளர்த்த மயிர்க்கால்களிலும் இட்டுப் பார்த்ததில், முடி வளர்ச்சிக்குப் பூவைவிட இலையே அதிக வலிவுள்ளதாகத் தெரிந்தது. இது எலிகளிடம் செய்த சோதனை. வழுக்கைக்கு மருந்து கண்டாயிற்று என்று சீட்டு ஒட்டி விற்க இதில் இடமில்லை. ஆனால் தொழில் நோக்கில் இம்முடிவு மிக்க பயனுடையது. பூ ஒரு நாளில் வாடி விடும். பறிக்கவும் உலர்த்தவும் கூலி அதிகம். இலையோ ஆண்டு முழுவதும் கிடைக்கும். வேலியைக் கத்தரிக்கும் போதெல்லாம் வீணாய்ப் போவதும் அதுவே. மகளிர் சங்கங்கள் அரப்புத் தூளோடு இலைத் தூளையும் நிழலில் உலர்த்திச் சேர்த்து விற்க முன்வந்தால், அதற்குப் பெரிய முதலும் தேவைப்படாது.

உட்கொள்ளும் மருந்தாக விற்பதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1970-களில் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் செய்த சோதனைகளில், இப்பூவின் சத்து பெண்ணெலிகளில் கருத்தங்குவதைத் தடுத்தது. எனவே கருவுற்ற பெண்களும், கருத்தரிக்க விரும்புவோரும் பூத்தூளை உண்ணாதிருத்தலே நன்று. கண்காட்சிகளில் இத்தூளை எல்லோருக்கும் ஏற்ற சத்துணவென்று கூவி விற்பது நமக்குச் சற்றும் உடன்பாடன்று.

இரத்தக் கொதிப்பைத் தணிப்பதாகப் பேசப்படும் "செம்பருத்தித் தேநீர்" பெரும்பாலும் நம் வேலிச் செம்பருத்தியிலிருந்து வருவதன்று. ஆந்திரத்தார் கோங்கூரா என்று போற்றும் புளிச்சையின் சிவப்பு வகையில், பூ உதிர்ந்தபின் காயை மூடி நிற்கும் தடித்த சிவந்த புல்லியே அதற்கு உரியது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கொதிப்பு சற்றே உயர்ந்திருந்த 65 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் இதைக் கொடுத்தனர். அவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரி 7.2 புள்ளி குறைந்தது. வெறும் போலிப் பானம் குடித்தவர்க்கு 1.3 புள்ளியே குறைந்தது. மருந்து உண்பவர் இதை நம்பி மருந்தை நிறுத்தி விடலாகாது. விவசாயி கவனிக்க வேண்டியது, வாங்குவோர் கேட்பது எந்தச் செடி என்பதை. வேலிச் செம்பருத்திப் பூவை உலர்த்தி இப்பெயரில் அனுப்பினால் சரக்கு திரும்பி வரும்; செலவு சங்கத்தின் தலையில் விழும்.

வேலியில் நடுவதற்கும் ஒரு தடை உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது 2008-இல், நம் கோயம்புத்தூரில்தான். அடுத்த இரண்டாண்டுகளில் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்கள் வெள்ளை பூத்து நின்றதை அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். அப்பூச்சி விரும்பித் தங்கும் செடிகளில் செம்பருத்தியும் ஒன்று. பருத்தியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சியும் இதில் குடியிருக்கும். உடல்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்துத் தெளிப்பு இவற்றிடம் எளிதில் பலிப்பதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியே பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. ஆதலால் மல்பெரிக்கும் பருத்திக்கும் ஒட்டிச் செம்பருத்தி வேலி வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் செடியில் வெள்ளை கண்டால் அக்கிளையை வெட்டி எரிப்பதே முறை. கண்டபடி மருந்தடித்தால் அக்குளவியும் மாளும்.

நார்ப் புளிச்சையைப் பற்றியும் கூற வேண்டும். புன்செய் ஓரங்களில் சில வரி விதைத்து, கீரைக்கும் கயிற்றுக்கும் பயன்படுத்திய பயிர் இது. 1947-இல் நாடு பிரிந்தபோது சணல் ஆலைகள் கல்கத்தாவிலும், சணல் விளையும் நிலங்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலுமாகப் பிரிந்து நின்றன. அப்போது கைகொடுத்தவற்றுள் மேஸ்தா என்று வாணிபத்தில் வழங்கும் புளிச்சை நாரும் ஒன்று. 1953-இல் தோன்றிய பாரக்பூர் சணல் ஆராய்ச்சி நிலையம் இதையும் ஆராய்ந்து வருகிறது. அமெரிக்க விவசாய இலாகாவினர் 1950-களில் சுமார் 500 செடிகளைச் சோதித்து, காகிதக் கூழுக்கு ஏற்றவற்றுள் இதை முன்னிறுத்தினர். பை, பாய், கயிறு ஆகியவற்றில் பழகிய கைகளுக்கு இந்நார் புதிதன்று. இடையூறு தண்ணீரே. தண்டுகளை இரு வாரத்துக்கு மேல் ஊறப் போட வேண்டும். ஊறிய நீர் நாறும். குளத்து மீனுக்கும் ஆகாது. பச்சைத் தண்டிலிருந்து பட்டையை முதலில் உரித்து, அப்பட்டையை மட்டும் தொட்டியில் ஊறவைத்தால் தண்ணீர் மிகவும் குறையும். கிணற்று நீரை நம்பியுள்ள பல்லடம், காங்கயம் பக்கத்துச் சங்கங்கள் ஓர் ஏக்கரில் இம்முறையைச் செய்து, நாரின் எடையையும் செலவான நீரையும் கூலியையும் கணக்கில் எழுதி வைத்தால், அடுத்த பருவத்துக்குக் கடன் கோரும்போது அக்கணக்கையே மனுவுடன் இணைக்கலாம்.