செயற்கைக் கண் பொருந்தாமல் போனால்

கண்ணை இழந்தவர்கள் செயற்கைக் கண் பொருத்திக்கொண்டு பல ஆண்டுகள் தொல்லையில்லாமல் இருப்பார்கள். பிறகு அது சரியாக உட்காராமல் நழுவத் தொடங்கும். கீழிமை புடைக்கும், பீளை கூடும். கண் தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று செய்யக் கொடுப்பார்கள். கண்குழிக்குள் நீர்க்கட்டி வளர்ந்திருந்தால், எத்தனை கண் மாற்றினாலும் செலவுதான் மிச்சம்.

கட்டி வரும் விதம்

மெட்ராஸ் ஐ வந்தால் சிவக்குமே, அந்த விழிவெண்படலம் விழியை எடுத்த பிறகும் குழியின் உட்புறத்தில் இருக்கும். விழி இருந்த இடத்தில் உருண்டை ஒன்றைப் பதித்து, அதன்மேல் படலத்தைத் தைப்பார்கள். தையலில் படலத்தின் ஓரம் உள்மடிந்தால், அதன் செல்கள் அடியில் புதைந்து பெருகும். அவற்றில் சளி சுரப்பவையும் உண்டு. சுரப்பது வெளியேற வழியின்றித் தேங்க, பை உருவாகிறது. இது சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

இது புற்று அல்ல. ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா போன்ற புற்றுநோய்க்காகக் கண் எடுக்கப்பட்டிருந்தால், ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்யாமல் அப்படி முடிவுகட்டக் கூடாது.

ஊசியால் உறிஞ்சினால் போதுமா?

உறிஞ்சியதும் கட்டி வற்றிவிடும், நோயாளிக்கும் திருப்தி. சுரக்கும் உட்சுவர் அப்படியே இருப்பதால் பெரும்பாலும் திரும்ப நிரம்பும்.

பையை முழுதாக உரித்தெடுப்பதே நிலையான வழி. சுவர் மெல்லியது, கிழிந்தால் துண்டு தங்கிவிடும். எல்லை தெரிய உள்ளே நீலச் சாயம் ஏற்றுவதும் உண்டு. கட்டியோடு நல்ல படலமும் அதிகம் போய்விட்டால் குழி சுருங்கி, செயற்கைக் கண் நிற்க இடமிருக்காது. அப்போது உதட்டின் உட்புறச் சளிச்சவ்வை எடுத்து ஒட்ட வேண்டிவரும். இந்த அபாயம்தான் என் பார்வையில் முக்கியமானது.

அதனால் சில மருத்துவர்கள் நீரை எடுத்துவிட்டு டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தையோ ஆல்கஹாலையோ பைக்குள் செலுத்தி உட்சுவரைக் கருக்குகிறார்கள். படலம் மிஞ்சும். ஆனால் மருந்து கசிந்தால் சுற்றியுள்ள திசுவும் புண்ணாகும். சிலருக்கு மறுமுறையும் செய்ய நேரும்.

சிகிச்சைக்குப் பின்

குழி சுருங்காமலிருக்க, ஆறும்வரை பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வைப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகே புதிய அளவு எடுக்க வேண்டும். பழைய கண் பொருந்தாமல் போகலாம்.

நழுவுகிறதே என்று செயற்கைக் கண்ணைக் கழற்றி மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், அதனாலும் குழி சுருங்கும். இமை, கண்குழி அறுவை சிகிச்சை நிபுணரிடம் முதலில் குழியைக் காட்டுங்கள். புதுக் கண்ணுக்கான பணத்தைப் பிறகு கட்டலாம்.