அரசிடம் இருக்கும் உங்கள் கோப்பு: சட்டத்தரணி இல்லாமல் நீதிமன்றம் வரை



வரிக் காலத்தில் என்னிடம் கணக்குக் கொண்டுவருகிறவர்கள் வரியை விடக் குடிவரவுக் கோப்பைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். "அண்ணை, அம்மான்ர விண்ணப்பம் இரண்டு வருசமாக் கிடக்குது, ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை" என்பது ஒன்று. "கோப்பைக் கேட்டால் எங்கட பேரைக் குறிச்சு வைப்பாங்களோ?" என்பது மற்றது.

இந்த இரண்டாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் விதானையாரும் கச்சேரியும் பொலிசும் எங்களைப் பற்றி எழுதினார்கள். எழுதியதை எங்களுக்குக் காட்டியதில்லை. காட்டும்படி கேட்கப் பயந்தோம். அந்தப் பயத்தை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம்.

கனடாவில் கோப்பைக் கேட்பது குற்றமல்ல, சட்டம் தந்த உரிமை. அரசு மறுத்தால் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதற்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. நான் சட்டம் படித்தவனல்லன், வணிகம் படித்த கணக்காளன். ஆனால் திகதி, கடிதம், பிரதி என்ற மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பவர் இந்த வழியில் நடக்கலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இரண்டு சட்டங்கள்

மத்திய அரசைப் பொறுத்தவரை இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் 1983 யூலை 1இல் நடைமுறைக்கு வந்தவை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அரசின் எந்தப் பதிவையும் கேட்கலாம், கட்டணம் 5 டொலர். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய தகவலை மட்டும் கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை. கனடாவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரும் தம் சொந்தத் தகவலைக் கேட்கும் உரிமை 2022 யூலையில் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவின் எழுத்துமூலச் சம்மதத்தோடு நீங்கள் இங்கிருந்தே கேட்கலாம்.

பதில் தர 30 நாள் தவணை. அரசு அதை நீடிக்கலாம். தவணை முடிந்தும் பதில் இல்லையென்றால், சட்டம் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

மறுத்தால் என்ன?

நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் முறைப்பாடு செய்யவேண்டும். தகவல் சட்டம் என்றால் தகவல் ஆணையாளரிடம், 60 நாட்களுக்குள். தனியுரிமைச் சட்டம் என்றால் தனியுரிமை ஆணையாளரிடம். இரண்டும் இலவசம். பலருடைய விடயம் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். 2019 யூன் 21 முதல் தகவல் ஆணையாளர் "கொடு" என்று அரசுக்குக் கட்டளையிடலாம். தனியுரிமை ஆணையாளருக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

ஆணையாளரின் முடிவு வந்த பிறகுதான் பெடரல் கோர்ட் எனப்படும் சமஷ்டி நீதிமன்றத்தின் கதவு திறக்கும். தகவல் சட்டத்தில் ஆணையாளரின் அறிக்கை அரச நிறுவனத்துக்குக் கிடைத்து 30 வேலை நாட்கள். தனியுரிமைச் சட்டத்தில் முடிவு அறிவிக்கப்பட்டு 45 நாட்கள். முடிவுக் கடிதம் வந்த உறையைக்கூட எறியவேண்டாம். தவணையை எண்ண அந்தத் திகதிகள் தேவைப்படும்.

தனியே நின்று வென்றவர்

"அரசின் சட்டத்தரணிகளுக்கு முன்னால் நான் எப்படி நிற்பது?" என்பீர்கள். லவீன் வழக்கைப் பாருங்கள்.

றொபேட் லவீன் மொன்றியலில் மத்திய அரசின் சுகாதார, நலன்புரித் திணைக்களத்தில் வேலை செய்தவர். ஆங்கிலத்தில் வேலை செய்யும் தன் உரிமை மறுக்கப்பட்டதாக, 1992இலும் 1993இலும் அரசகரும மொழிகள் ஆணையாளரிடம் முறைப்பாடு செய்தார். மொழியால் வேலையில் வரும் துன்பத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆணையாளர் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே கண்டார். பிறகு லவீன், விசாரணையில் தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைக் காட்டும்படி தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். ஆணையாளர் அலுவலகம் மறுத்தது. சாட்சி சொன்னவர்களுக்கு இரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்தோம், இதைக் கொடுத்தால் நாளைக்கு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அவர்களின் வாதம்.

கீழ் நீதிமன்றங்களில் தோற்ற ஆணையாளரே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அங்கே ஒரு பக்கம் ஆணையாளரின் சட்டத்தரணிகள். மறு பக்கம் லவீன், தனக்காகத் தானே. 2002 யூன் 20இல் நீதிமன்றம் ஒருமனதாக ஆணையாளரின் மேன்முறையீட்டைத் தள்ளியது. விசாரணைகள் கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் என்ன பாதிப்பு வரும் என்பதற்கு இந்த வழக்கிலேயே ஆதாரம் வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் எங்களுக்கு என்ன பாடம்? இரண்டு சட்டங்களிலும் நிரூபிக்கும் சுமை அரசின் தலையில்தான். கணக்குப் பரிசோதனையில் செலவு எழுதியவர்தான் வவுச்சர் காட்டவேண்டும். அதுபோல, மறுத்தவர்தான் மறுப்புக்குக் காரணம் காட்டவேண்டும். நீங்கள் கேட்டீர்கள், மறுத்தார்கள், முறைப்பாடு செய்தீர்கள், முடிவு வந்தது. இந்த நான்கையும் கடதாசியில் காட்டுவதே உங்கள் வேலையில் பெரும்பகுதி.

நீதிமன்றத்தில்

ரொறன்ரோவில் சமஷ்டி நீதிமன்றத்தின் அலுவலகம் 180 குயின் வீதி மேற்கில் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பதிவு செய்யக் கட்டணம் 50 டொலர். பதிந்து 10 நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி சேர்க்கவேண்டும். பதிந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் உங்கள் சத்தியக்கடதாசியையும் இணைப்புக் கடிதங்களையும் கொடுக்கவேண்டும். இவ்வகை வழக்கைச் சுருக்கமாக விசாரிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் சினிமாக் காட்சி இல்லை. கடதாசியும் வாதமும்தான்.

தனி மனிதர் தானே வழக்காடலாம். ஆனால் ஊர்ச் சங்கமோ கோயில் நிர்வாகமோ தன் பெயரில் போவதென்றால், நீதிமன்றம் விசேட அனுமதி தந்தாலொழியச் சட்டத்தரணி வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: தோற்றால் மறுதரப்பின் செலவில் ஒரு பங்கைக் கட்டும்படி உத்தரவு வரலாம். முக்கியமான புதிய சட்டப் பிரச்சினையை எழுப்பியிருந்தால், தோற்றவருக்கே செலவு கிடைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டு: தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்த பகுதிகளில் நீதிமன்றத்தின் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கிறது. மறுப்புக்கு நியாயமான அடிப்படை இருந்ததா என்று மட்டுமே நீதிபதி பார்ப்பார். எங்கள் சமூகத்தவர் சிலரின் கோப்புகளில் கறுப்பு மை பூசி வருவது இந்தப் பகுதிகள்தான். இப்படியானவற்றுக்கு ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை பெறுவது நல்லது.

மூன்று, மிக முக்கியம்: இந்த வழக்கு கடதாசியைத்தான் பெற்றுத்தரும், விசாவை அல்ல. குடிவரவு முடிவையே எதிர்ப்பது வேறு வழக்கு. அதற்குத் தவணை கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால் 15 நாள், வெளிநாட்டில் எடுத்த முடிவென்றால் 60 நாள். "முதலில் கோப்பு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்தால் அந்தத் தவணை போய்விடும். மறுப்புக் கடிதம் கையில் இருந்தால், கோப்பைக் கேட்கும் அதே நாளில் இதற்கும் ஆலோசனை கேளுங்கள்.

ஆகவே நேயர்களே, ஒரு கோவையை எடுத்து, அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியை அடியில் வையுங்கள். வந்த ஒவ்வொரு கடிதத்திலும் கிடைத்த திகதியைப் பேனாவால் எழுதி மேலே மேலே அடுக்குங்கள். அடுத்த தவணை நாளைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிடுங்கள். பிள்ளைகள் ஆங்கிலம் வாசித்துச் சொல்லுவார்கள். ஆனால் கேட்கத் துணிவது நாங்களாக இருக்கவேண்டும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.